ஹேக்கர்னு ஒரு தடவை பேர் விழுந்துட்டா: ஆன்லைன் கேம்ல புரளி எப்படி வேலை செய்யுது

ஆன்லைன் கேம்ல ஒருத்தரோட ரேங்க், கில் கணக்கு, ஜெயிச்ச சதவீதம் எல்லாம் ப்ரொஃபைலைத் தொட்டா தெரிஞ்சிடும். ஆனா இவரை நம்பி ஸ்குவாட்ல சேர்க்கலாமா, கிடைச்ச லூட்டை அமுக்கிட்டு ஓடிடுவாரா, அந்த ரேங்க் அவரே ஏத்துனதா இல்ல காசு குடுத்து வேற யாரையோ வச்சு ஏத்துனதா, ஹேக் போடறாரா, இதுக்கெல்லாம் ஸ்க்ரீன்ல பதில் கிடையாது. இந்த பதிலெல்லாம் வாய் வழியாத்தான் வருது. "அவனை சேர்க்காத மச்சி, தோக்குற மாதிரி இருந்தா பாதியிலயே க்விட் பண்ணிடுவான்"னு வாய்ஸ் சாட்ல ஒருத்தன் சொன்னா போதும். நாம அந்த ஐடி கூட ஒரு மேட்ச் கூட ஆடியிருக்க மாட்டோம், ஆனா அடுத்த தடவை அவன்கிட்ட இருந்து இன்வைட் வந்தா கை தானா ரிஜெக்ட் பட்டனுக்குப் போகும்.

இதை வெட்டிப் பேச்சுன்னு தள்ளிவிட முடியாது, ஏன்னா மனுஷங்க எப்பவுமே இப்படித்தான் ஆளை எடை போட்டிருக்காங்க. பிரிட்டன்ல பரிணாம உளவியல் ஆராய்ச்சி பண்ற ராபின் டன்பார், சாதாரண உரையாடல்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு நேரம் மனுஷங்களைப் பத்தியும் உறவுகளைப் பத்தியும்தான் போகுதுன்னு கண்டுபிடிச்சாரு. 2007-ல ஜெர்மனியில மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் சோமர்ஃபெல்ட், மன்ஃப்ரெட் மிலின்ஸ்கி குழு இன்னும் ஒரு படி மேல போய் மாணவர்களை கம்ப்யூட்டர்ல ஒரு பண விளையாட்டு ஆட வச்சாங்க. எதிர்ல இருக்கிறவருக்கு காசு குடுக்கலாமா வேணாமான்னு ஒவ்வொருத்தரும் முடிவு பண்ணணும், அந்த எதிராளி இதுக்கு முன்னாடி மத்தவங்க கிட்ட எப்படி நடந்துகிட்டார்ங்கற முழு கணக்கும் கண்ணு முன்னாடியே இருக்கு, கூடவே அவரைப் பத்தி இன்னொருத்தர் எழுதின ஒரு வரி கிசுகிசுவும் இருக்கு. உண்மையான கணக்கு கையில இருந்தும் அந்த ஒரு வரி அவங்க முடிவை மாத்திடுச்சு. எனக்கு இந்த ஆராய்ச்சி முக்கியமா படறது அதனாலதான். தகவல் இல்லாததால மட்டும் நாம புரளியை நம்பல, தகவல் இருந்தாலும் நம்புறோம்.

அப்போ கேம்ல பேர் எடுக்கறதும் கெடறதும் முழுக்க வாய்ப்பேச்சு கையிலதானா, அது நல்லதா கெட்டதான்னு கேட்டா, பழைய கேம்களோட கதையைப் பார்த்தா எனக்கு ஒண்ணு தெளிவா தெரியுது. பேசுறவனுக்கும் அந்த இடத்துல இழக்கறதுக்கு ஒரு பேர் இருந்துச்சுன்னா அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒழுங்கா இருக்கும். சொல்லிட்டு ஓடிப்போக வழி இருந்துச்சுன்னா எதிர்ல இருக்கிறவனை அது முடிச்சிடும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டை எடுத்துக்குவோம். 2004 நவம்பர்ல வந்த கேம், நிறைய பேர் ஒரே கற்பனை உலகத்துல சேர்ந்து ஆடறது. ஆடறவங்க எல்லாரையும் தனித்தனி சர்வரா பிரிச்சிருந்தாங்க, ஒரு சர்வருக்கு சில ஆயிரம் பேர். டஞ்சன்னு சொல்ற, எதிரிங்க நிறைஞ்ச ஒரு குகைக்குப் போகணும்னா அஞ்சு பேர் வேணும், அந்த அஞ்சு பேரையும் உங்க சர்வருக்குள்ளயே சாட்ல கூப்பிட்டு கூப்பிட்டு சேர்க்கணும், அப்புறம் எல்லாரும் நடந்தோ பறந்தோ அந்த வாசலுக்கு வந்து சேரணும், இதுக்கே அரை மணி நேரம் போயிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆன்லைன்ல இருக்கறது தினமும் கிட்டத்தட்ட அதே முகங்கள். அதாவது அது ஒரு ஊர் மாதிரி.

இப்போ அந்த அஞ்சு பேரும் ஒரு மணி நேரம் போராடி அங்க இருக்கற பெரிய எதிரியை சாய்ச்சாச்சு, ஒரு நல்ல வாள் விழுது. ஸ்க்ரீன்ல எல்லாருக்கும் ஒரு சின்ன பெட்டி வரும், அந்தப் பொருள் நிஜமாவே வேணும்னா நீட், சும்மா கிடைச்சா விக்கலாம்னா க்ரீட், வேணாம்னா பாஸ். நீட் அழுத்துனவங்களுக்குள்ள 1-ல இருந்து 100 வரைக்கும் பகடை உருளும், பெரிய நம்பர் வந்தவருக்கு பொருள். அந்தக் காலத்துல இந்த பட்டனை யார் வேணா அழுத்தலாம், வாளே தூக்க முடியாத ப்ரீஸ்ட் வகை கேரக்டர் கூட நீட் அழுத்தி வாளை எடுத்துட்டு அப்படியே லாக் அவுட் பண்ணிட்டுப் போகலாம், கேம் தடுக்காது. இப்படி அடிச்சிட்டுப் போறவங்களுக்கு நிஞ்ஜான்னு பேர். அடுத்த அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் படிக்கற தலைநகரத்து ட்ரேட் சாட்ல அவன் பேர் ஓடும், யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருப்பாங்க, அது ஒவ்வொரு கில்டோட, அதாவது சேர்ந்து ஆடற குழுவோட, ஆபீசருங்க கைக்கும் போகும்.

இங்கதான் விஷயமே இருக்கு. கேரக்டர் தலைக்கு மேல அவன் பேரோட சேர்ந்து அவன் கில்டோட பேரும் தொங்குது. ஒருத்தன் நிஞ்ஜா பண்ணா அந்த கில்டுக்கே கெட்ட பேர், அதனால கில்ட் லீடர் கிட்ட ஆள் போய் நிப்பாங்க, "உங்க ஆள் இப்படிப் பண்ணிட்டாரு"ன்னு. லீடர் அவனைக் கூப்பிட்டு விசாரிப்பாரு, அவன் சொல்றதையும் கேட்பாரு, கூட இருந்த மத்த மூணு பேரைத் தேடிப் பிடிச்சு கேட்பாரு, தப்புன்னா தங்கம் குடுத்து ஈடு கட்டுவாங்க இல்ல கில்டை விட்டுத் தூக்குவாங்க. பொய்யா ஒருத்தர் மேல பழி போட்டா அதுவும் வெளிய வரும், அப்புறம் அந்த ஆளோட வார்த்தைக்கு அந்த சர்வர்ல மதிப்பு இருக்காது, டஞ்சனுக்கு ஆள் கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. யாரும் திட்டம் போட்டு உருவாக்காத ஒரு பஞ்சாயத்து அது. கோணல் இல்லாம இருந்துச்சுன்னு சொல்லமாட்டேன், பெரிய கில்டோட ஆள் தப்பு பண்ணா அமுக்கிடறதும், புதுசா வந்தவன் மேல எல்லாம் விழறதும் நடந்துச்சுதான். ஆனா ரெண்டு பக்கமும் நாளைக்கு அதே சர்வர்ல முழிச்சாகணுமே, அந்த பயம் நிறைய பேரை ஒழுங்கா வச்சிருந்துச்சு.

அது கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்ச விதத்தையும் பார்க்கணும். 2006-ல காசு கட்டி கேரக்டரை வேற சர்வருக்கு மாத்திக்கற வசதி வந்துச்சு, 2007-ல காசு கட்டி பேரையே மாத்திக்கற வசதி வந்துச்சு. கெட்ட பேர் எடுத்தவனுக்கு ஒரு வாசல் திறந்தாச்சு. 2009 டிசம்பர்ல வந்த 3.3 அப்டேட்ல டஞ்சன் ஃபைண்டர்னு ஒண்ணு குடுத்தாங்க, பட்டனை அழுத்தினா பல சர்வர்கள்ல இருந்து முகம் தெரியாத நாலு பேரை பொறுக்கி எடுத்து உங்களை நேரா டஞ்சனுக்குள்ள போட்டுடும். அரை மணி நேரக் காத்திருப்பு போச்சு, அதை நிறைய பேர் மனசார வரவேற்றாங்க, வேலைக்குப் போயிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆடறவங்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனா அந்த நாலு பேரை நீங்க திரும்பப் பார்க்கப் போறதே இல்ல. நல்லவனா இருந்தாலும் யாருக்கும் தெரியப் போறதில்ல, மோசமா நடந்துகிட்டாலும் யார் கிட்ட போய் சொல்றது. இன்னைக்கு பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர், வாலரன்ட் எதை எடுத்தாலும் முன்பின் தெரியாதவங்களைச் சேர்த்துவிடற ரேண்டம் லாபிதான், மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் ஆளுக்கொரு திசையில கலைஞ்சிடறாங்க. 2019 ஆகஸ்ட்ல வார்கிராஃப்ட் க்ளாசிக்குன்னு பழைய வடிவத்தையே திரும்ப விட்டப்போ டஞ்சன் ஃபைண்டர் இல்லாமத்தான் விட்டாங்க, உடனே சர்வர் சர்வரா நிஞ்ஜா பட்டியல்களும் திரும்ப முளைச்சுது.

ஈவ் ஆன்லைன் இதுக்கு நேர் எதிர் பாதையில போன விண்வெளி கேம். 2003-ல ஐஸ்லாந்து கம்பெனி சிசிபி விட்டது, உலகம் பூரா கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே சர்வர்ல, ஏமாத்தறதும் துரோகம் பண்றதும் விதிப்படி குத்தமே இல்ல. 2005-ல கைடிங் ஹேண்ட் சோஷியல் க்ளப்னு ஒரு கூலிப்படை குழு ஒரு கார்ப்பரேஷனுக்குள்ள (அங்க ஆட்டக்கார குழுவுக்கு அதுதான் பேர்) மாசக்கணக்கா ஆளுங்களை நுழைச்சு, நம்பிக்கை சம்பாதிச்சு, பதவிக்கு வந்து, ஒரே நாள்ல கிடங்கெல்லாம் சுருட்டிட்டு தலைவியோட கப்பலையும் சுட்டுத் தள்ளுனாங்க, போன சொத்தோட மதிப்பு அன்னைக்கு கணக்குக்கு 16,500 டாலர்னு செய்திகள்ல வந்துச்சு. இப்படி ஒரு இடத்துல ஒருத்தரை எப்படி நம்புறது? அதனால அங்க வம்புப் பேச்சு ஒரு தொழிலாவே வளர்ந்துச்சு. ஒவ்வொரு கேரக்டரும் எந்தெந்த கார்ப்பரேஷன்ல எந்தெந்த தேதியில இருந்தாங்கங்கற வரலாறு எல்லாரும் பார்க்கற மாதிரி இருக்கும், அழிக்க முடியாது. புதுசா சேர வர்றவங்களோட பழைய தலைவர்களைத் தேடிப் பிடிச்சு விசாரிக்கறதுக்குன்னே ஆள் வச்சிருந்தாங்க. கேரக்டரை கேம் பணத்துக்கு விக்கறது அங்க அனுமதிச்ச விஷயம், ஆனா வாங்குனா அந்த வரலாறும் சேர்ந்தே வரும், யாரோ பண்ணதுக்கு நீங்க பதில் சொல்லணும்.

புரளின்னாலே பொய்ன்னு நினைக்கறவங்களுக்கு ஈவ்ல இருந்தே இன்னொண்ணு சொல்லணும். பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்ங்கற பெரிய கூட்டணிக்கு கம்பெனி ஆளுங்களே மறைமுகமா உதவுறாங்கன்னு ரொம்ப நாளா முணுமுணுப்பு இருந்துச்சு, தோத்தவங்க புலம்பல்னு நிறைய பேர் ஒதுக்குனாங்க. 2007-ல டி20-ங்கற பேர்ல அறியப்பட்ட ஒரு டெவலப்பர் அந்தக் கூட்டணியில இருந்தபடியே தனக்கு கேம்ல பொருள் தயாரிக்கறதுக்கான அரிய ப்ளூப்ரிண்டுகளை எடுத்துக்கிட்டது உண்மைன்னு கம்பெனியே ஒத்துக்க வேண்டியதாப் போச்சு. அதை வெளிய கொண்டு வந்தவரோட அக்கவுண்ட் பேன் ஆச்சு. அதுக்கப்புறம்தான் உள்ளுக்குள்ள கண்காணிக்க ஒரு பிரிவும், 2008-ல ஆடறவங்களே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கற ஒரு கவுன்சிலும் வந்துச்சு. நெருப்பில்லாம புகையாதுன்னு சொல்றவங்க இந்த மாதிரி கேஸைத்தான் காட்டுவாங்க. அதிகாரத்துல இருக்கறவங்க பத்தி கீழ இருக்கறவங்க பேசிக்கறதை அவ்வளவு சுலபமா புரளின்னு முத்திரை குத்தக்கூடாதுங்கறது சரிதான். ஆனா அதே பழமொழியை ஒரு தனி ஆள் மேல திருப்பினா என்ன ஆகும்னு அடுத்து வர்ற கதைங்க சொல்லும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி சுடற கேம்கள்ல ரொம்ப மலிவா கிடைக்கற பட்டம் ஹேக்கர். தோத்தவனுக்கு அது வசதியா இருக்கு, நான் மோசமா ஆடலை அவன் ஏமாத்துனான்னு ஆயிடுதில்ல. இதுல ஒரு டெக்னிக்கல் சமாச்சாரமும் இருக்கு. கவுன்டர் ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்ஸிவ்ல நார்மல் மேட்ச் சர்வர் ஒரு நொடிக்கு 64 தடவை நிலவரத்தைக் கணக்கு போட்டுச்சு, ஆனா அப்புறமா டவுன்லோட் பண்ணிப் பார்க்கற ஆட்டப் பதிவு, அதாவது டெமோ, நொடிக்கு 32 தடவைதான் பதிவாச்சு. நடுவுல விட்டுப்போன பாதியை கம்ப்யூட்டரே இட்டு நிரப்புச்சு, அதனால நிஜத்துல வழவழன்னு போன கிராஸ்ஹேர், அதாவது குறி வைக்கற புள்ளி, டெமோல டக்குன்னு வெட்டி எதிரி தலையில ஒட்டற மாதிரி தெரிஞ்சுது. அதை ஸ்லோ மோஷன்ல ஓட்டி சிவப்பு வட்டம் போட்டு ஒரு கிளிப்பா போட்டா பார்க்கறவங்க எல்லாருக்கும் சந்தேகம் வந்துடும். 2014 நவம்பர்ல டைட்டன் டீம்ல ஆடின பிரெஞ்சு வீரர் கேக்யூஎல்ஒய் நிஜமாவே வேக் பேன், அதாவது ஏமாத்தறவங்களுக்கு கேம் கம்பெனி போடற தடை, வாங்கினாரு, பெரிய போட்டி தொடங்கற நேரம், டீமே போட்டியில இருந்து வெளிய போச்சு. அந்த அதிர்ச்சியில எல்லாரும் எல்லாரையும் தோண்ட ஆரம்பிச்சாங்க, ஃப்னாட்டிக் டீமோட ஸ்வீடன் வீரர் ஃப்ளஷா பேர்ல கிளிப் கிளிப்பா வந்துச்சு. மூணு மேஜர் கோப்பை ஜெயிச்ச ஆளு அவரு. எந்தப் போட்டி அமைப்பும் அவர் ஏமாத்துனதா தீர்ப்பு சொன்னதில்ல, ஆனாலும் வருஷக்கணக்கா அவர் நல்லா ஆடின ஒவ்வொரு ரவுண்டுக்குக் கீழயும் அந்தப் பேச்சு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இந்த சந்தேகங்கள் எவ்வளவு தேறும்னு அளந்து பார்க்க நமக்கு ஒரு நல்ல கணக்கே இருக்கு. கவுன்டர் ஸ்ட்ரைக்கை நடத்தற வால்வ் கம்பெனி 2013-ல ஓவர்வாட்ச்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, ரிப்போர்ட் ஆன மேட்சோட சில ரவுண்டுகளை அனுபவமுள்ள வீரர்கள் கிட்ட குடுத்து தீர்ப்பு கேட்டாங்க. 2018-ல அவங்களே சொன்ன நிலவரம், மனுஷங்க ரிப்போர்ட் அடிச்சு வந்த கேஸ்கள்ல 15-ல இருந்து 30 சதவீதம்தான் குத்தம்னு தீர்ப்பாச்சு, கம்ப்யூட்டரே ஆட்டத்தைப் படிச்சு அனுப்பின கேஸ்கள்ல 80-ல இருந்து 95 சதவீதம். இதை நான் ரெண்டு மூணு தடவை படிச்சேன். "டேய் ஹேக்கர்டா, ரிப்போர்ட் அடி"ன்னு கத்தற கத்தல்ல பத்துக்கு ஏழாவது, பல நேரம் எட்டுக்கு மேல, நிரூபணம் ஆகாததுன்னு அர்த்தம். அந்த மீதி ஆளுங்கள்ல நிறைய பேர் சும்மா நல்லா ஆடுனவங்களாவே இருக்கலாம்.

நிஜமா மாட்டுனவன் இருக்கும்போது கூட பழி பரவற விதம் கொடுமையானது. 2018 அக்டோபர்ல ஷாங்காய்ல நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில ஆப்டிக் இந்தியா டீமோட வீரர் ஃபோர்சேகன் மேடையிலேயே மாட்டினாரு, அட்மின் வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கறப்போ அவசர அவசரமா ஏமாத்தப் பயன்படுத்துன ஃபைலை அழிக்கப் பார்த்தாரு, அந்த ஃபைலுக்கு வேர்ட்.இஎக்ஸ்இன்னு பேர் வச்சிருந்தாரு. அவருக்கு 5 வருஷத் தடை, அது சரிதான். ஆனா அதே டீம்ல இருந்த மத்த நாலு பேர்? டீம் உடனே வெளியேத்தப்பட்டுச்சு, கம்பெனி இந்தியாவை விட்டே கையைக் கழுவிடுச்சு, எந்தத் தப்பும் பண்ணாத அவங்க ஒரே நாள்ல வேலை இல்லாதவங்களா ஆனாங்க. வேர்ட்.இஎக்ஸ்இங்கற பேர் இந்தியாவுல இருந்து யார் ஆட வந்தாலும் அவங்களை வம்பிழுக்கற வார்த்தையாவே ஆயிடுச்சு. பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு சொல்றது இதுக்குத்தான்.

இனி கெகுரி கதை. 2016 ஜூன், தென் கொரியா, பிளிஸார்டோட ஓவர்வாட்ச் கேம் வந்து ஒரு மாசம் கூட ஆகல. வால்வோட முறைக்கும் இந்த கேமுக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணு. 17 வயசுப் பொண்ணு, கெகுரிங்கற பேர்ல ஸார்யாங்கற கேரக்டரை எடுத்து ஆடறாங்க, ஜெயிக்கற சதவீதம் 80 கிட்ட. ஒரு போட்டியில அவங்க டீம் டிஸ்ஸினெஸ்ங்கற டீமை ஜெயிச்சுது. தோத்த டீம்காரங்க நேரா சொன்னாங்க, இப்படி ஒரு குறி மனுஷக் கையால வராது, அவ தானா குறி வைக்கற எய்ம்ஹேக் போடறா. சாட்சியும் காட்டுனாங்க, மவுஸ் போற விதம் சரியில்லன்னு வீடியோ. பேச்சு தீயா பரவுச்சு, அந்த டீம்ல ஒருத்தர் ஸ்பான்சர்களுக்கு பிரச்சனை வந்தா கத்தியோட வீட்டுக்கே வருவேன்னு மிரட்டற அளவுக்குப் போனாரு. பொண்ணு இவ்வளவு நல்லா ஆடறான்னா பின்னாடி வேற யாரோ இருக்கணும்ங்கற எண்ணம் இந்தப் புரளிக்கு எவ்வளவு எண்ணெய் ஊத்தியிருக்கும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல, நம்ம ஊர் லாபிகள்லயே பொண்ணு ஐடின்னா "அவ அண்ணன்தான் ஆடறான்"னு சொல்றது இன்னைக்கும் நடக்குது, எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கோவம் வரும்.

பிளிஸார்ட் கொரியா கிளை செக் பண்ணி ஏமாத்தலைன்னு சொன்னாங்க. ஆனா வெறும் அறிக்கை ஊர் வாயை மூடாது. இன்வென்ங்கற கொரிய கேம் செய்தி நிறுவனத்தோட இடத்துல போய் உட்கார்ந்தாங்க அந்தப் பொண்ணு. மானிட்டர் மேல ஒரு கேமரா, மவுஸ் பிடிச்சிருக்கற கை மேல ஒரு கேமரா, ரெண்டும் நேரலையில ஒரே ஸ்க்ரீன்ல பக்கத்துல பக்கத்துல ஓடுது. அதே ஸார்யாவை எடுத்து ஆடறாங்க. ஸார்யாவோட ஆயுதம் ஒளிக்கற்றை மாதிரி தொடர்ந்து பாயும், எதிரி குதிச்சாலும் ஓடினாலும் அவன் மேலயே வச்சிருக்கணும். கை ஒரு இழுப்பு இழுக்குது, ஸ்க்ரீன்ல கிராஸ்ஹேர் அதே நேரம் அதே அளவு திரும்புது, எதிரி பின்னாடி போனா மணிக்கட்டு சட்டுனு மடங்குது, பார்வை சுத்தி வந்து அவன் மேல நிக்குது. பார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்கு அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

இதுல என் வாதத்துக்கு முக்கியமானது அதுக்கப்புறம் நடந்தது. குத்தம் சாட்டுனவங்க தைரியமா சொல்லியிருந்தாங்க, அவ ஏமாத்தலைன்னு நிரூபணமானா நாங்க ஆட்டத்தையே விட்டுடறோம்னு. சொன்னபடி ரெண்டு பேர் விலகினாங்க. அவங்க பண்ணது பெரிய தப்புதான், ஆனா பேரோட முகத்தோட பண்ணாங்க, அதனாலதான் கணக்கைத் தீர்க்க முடிஞ்சுது. கெகுரி 2018-ல ஷாங்காய் டிராகன்ஸ் டீம்ல சேர்ந்து ஓவர்வாட்ச் லீக்ல ஆடின முதல் பெண் ஆனாங்க. இதே குத்தச்சாட்டை ஆயிரம் அநாமதேய ஐடிங்க போட்டிருந்தா யார் விலகறது, யார்கிட்ட மன்னிப்பு கேட்கச் சொல்றது? இன்னும் ஒண்ணும் எனக்கு உறுத்துது, தன்னை நிரூபிக்க கேமரா முன்னாடி உட்கார வேண்டியது ஏன் அந்த 17 வயசுப் பொண்ணோட வேலையாச்சு? கேமராவும் இடமும் கிடைக்காத ஒரு ஆளா இருந்திருந்தா அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்.

பேரோட பேசினா போதும், எல்லாம் சரியாயிடும்னு சொல்ல வரல. செஸ்ல நடந்ததைப் பாருங்க. 2022 செப்டம்பர் 4, அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல சிங்க்ஃபீல்ட் கப், 19 வயசு ஹான்ஸ் நீமன் கருப்புக் காய்ல ஆடி உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனை ஜெயிச்சிட்டாரு. மறுநாள் கார்ல்சன் போட்டியை விட்டே விலகினாரு, காரணம் சொல்லல, கால்பந்து பயிற்சியாளர் ஜோஸே மொரின்யோ "நான் பேசினா பெரிய சிக்கல்ல மாட்டுவேன்"னு சொல்ற வீடியோவை மட்டும் போட்டாரு. அன்னைக்கு ஒரு வார்த்தை கூட குத்தம் சாட்டல, ஆனா உலகத்துல செஸ் பார்க்கற எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு. இந்த மாதிரி ஜாடைப் பேச்சுதான் எனக்கு ரொம்ப ஆபத்தா தெரியுது, ஏன்னா பதில் சொல்றதுக்கு எதிர்ல ஒரு வாக்கியமே இல்ல. காலியா விட்ட இடத்துல ஊரே கதை எழுதுச்சு, நீமன் உடம்புக்குள்ள அதிர்ற கருவியை ஒளிச்சு வச்சு சிக்னல் வாங்கினார்னு யாரோ விளையாட்டா போட்ட ஒண்ணு எலான் மஸ்க் ட்வீட் வரைக்கும் போச்சு, ராத்திரி டிவி நிகழ்ச்சி வரைக்கும் போச்சு.

நீமனே 12 வயசுலயும் 16 வயசுலயும் ஆன்லைன்ல ஏமாத்தினதை ஒத்துக்கிட்டாரு. அக்டோபர்ல ஆன்லைன் செஸ் தளமான செஸ்.காம் 72 பக்க அறிக்கை விட்டு 100-க்கு மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்கள்ல ஏமாத்தியிருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லுச்சு, ஆனா நேர்ல ஆடின அந்த சிங்க்ஃபீல்ட் ஆட்டத்துல ஏமாத்தினதுக்கு உறுதியான ஆதாரம் இல்லன்னும் அதே அறிக்கை சொல்லுது. நீமன் 10 கோடி டாலர் கேட்டு வழக்கு போட்டாரு, 2023 ஜூன்ல கோர்ட் தள்ளுபடி பண்ணுச்சு, ஆகஸ்ட்ல எல்லாரும் சமரசம் ஆனாங்க, சிங்க்ஃபீல்ட் ஆட்டத்துல ஏமாத்தினதுக்கு உறுதியான ஆதாரம் இல்லைங்கறதை ஏத்துக்கறதா கார்ல்சன் அப்போதான் சொன்னாரு. டிசம்பர்ல உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே கார்ல்சனுக்கு காரணமில்லாம விலகினதுக்கு 10,000 யூரோ அபராதம் போட்டுச்சு, மத்த குத்தச்சாட்டுகள்ல இருந்து விடுவிச்சுது. உண்மை, பாதி உண்மை, சுத்தப் புரளி மூணும் ஒண்ணா கலந்து ஒரு ஆள் மேல ஒட்டிக்கிச்சுன்னா எதை எதுல இருந்து பிரிக்கறது? ஒரு வருஷம் கழிச்சு வந்த அந்த ஒத்த வரியைப் படிச்சவங்க எத்தனை பேர், அந்த கருவி ஜோக்கைக் கேட்டவங்க எத்தனை பேர்னு யோசிச்சா மனசு கனக்குது.

அதுக்கப்புறம் வந்தது இன்னும் வருத்தமான கதை. முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் க்ராம்னிக் ஆன்லைன் போட்டிகள்ல ஆடறவங்களோட புள்ளிவிவரத்தை எடுத்துப் போட்டு சந்தேகம் கிளப்பிக்கிட்டே இருந்தாரு, 2024 அக்டோபர்ல இருந்து அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி பேரும் அதுல வந்துச்சு. நரோடிட்ஸ்கி திரும்பத் திரும்ப மறுத்தாரு, இது தன்னை எவ்வளவு வாட்டுதுன்னு தன் கடைசி ஸ்ட்ரீம்ல வெளிப்படையாவே பேசினாரு. 2025 அக்டோபர்ல 29 வயசுல இறந்துட்டாரு. அந்த மரணத்துக்கு இதுதான் காரணம்னு முடிச்சுப் போட நான் வரல, அதுவும் இன்னொரு புரளிதான் ஆகும். ஆனா ஒரு வருஷம் முழுக்க ஒரு மனுஷன் தான் செய்யலைன்னு சொல்ற ஒண்ணுக்கு திரும்பத் திரும்ப பதில் சொல்லிக்கிட்டே இருந்தாருங்கறது நடந்த விஷயம். பேரோட, பெரிய பட்டத்தோட குத்தம் சாட்டறவருக்கும் கணக்குக் கேட்க ஒரு இடம் வேணும், அது நேரத்துல கேட்கணும். ஃபிடே இந்த விவகாரத்தை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பினது மரணத்துக்கு அப்புறம்தான்.

கம்பெனிங்க என்ன பண்ணலாம்? அந்த 2013 ஓவர்வாட்ச் முறையில எனக்குப் பிடிச்ச ரெண்டு விஷயம் இருந்துச்சு. தீர்ப்பு சொன்னவருக்கு குத்தம் சாட்டப்பட்டவரோட பேர் தெரியாது, சந்தேகத்துக்குரியவர்னு மட்டும்தான் வந்துச்சு, சாட்டும் கேட்கல, அதனால ஊர்ப்பேச்சு உள்ள நுழைய வழியில்லாம இருந்துச்சு. தீர்ப்பு சொன்னவர் அடிக்கடி தப்பா சொன்னா அவரோட வாக்குக்கு எடை குறைஞ்சுக்கிட்டே போச்சு. பழைய வார்கிராஃப்ட் சர்வர்ல பொய் சொன்னவன் வார்த்தைக்கு மதிப்பு போன அதே ஏற்பாடு, கம்ப்யூட்டர் வழியா.

அதே வால்வ் கம்பெனி 2010 ஜூலைல மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடின கிட்டத்தட்ட 12,000 பேரை தப்பா பேன் பண்ணுச்சு, அப்புறம் மன்னிப்பு கேட்டு தடையை நீக்கி ஆளுக்கு லெஃப்ட் 4 டெட் 2-ங்கற கேமை இலவசமா குடுத்தாங்க. வேக் பேன் வந்தா வால்வோட கேம் தளமான ஸ்டீம் ப்ரொஃபைல்ல எல்லாரும் பார்க்கற மாதிரி எழுதியிருக்கும், அந்த 12,000 பேருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். செஸ்.காம் வேற வழியில போனாங்க, பட்டம் பெற்ற ஆட்டக்காரர்கள் மாட்டினா பெரும்பாலும் சத்தமில்லாம பேசி முடிச்சாங்க. உலகத் தரவரிசையில முதல் 100-க்குள்ள இருக்கற 4 பேர் ஏமாத்தினதை தங்க கிட்ட ஒத்துக்கிட்டாங்கன்னு 2022 அறிக்கையிலேயே எழுதினாங்க, பேர் சொல்லல. அந்த நாலு பேரைக் காப்பாத்த மிச்ச 96 பேர் மேலயும் சந்தேகம் விழுந்துச்சு. சென்னையில இருந்து அந்தப் பட்டியல்ல இருக்கற பசங்களும் அந்த 100-ல அடக்கம்தானே.

எல்லாப் பேரையும் வெளிய போட்டா தப்பா மாட்டினவங்க கதி என்ன, எதையுமே போடலைன்னா எல்லார் மேலயும் வாய் போடற ஊரை யார் நிறுத்தறது. எனக்குப் படறது, பேர் வேணாம், ஆனா இந்த வருஷம் எத்தனை ரிப்போர்ட் வந்துச்சு, அதுல எத்தனை பொய்யாப் போச்சு, பேன் ஆனவங்க அப்பீல் பண்ணி எத்தனை பேர் திரும்ப வந்தாங்கங்கற கணக்கை ஒவ்வொரு கேம் கம்பெனியும் வருஷா வருஷம் வெளிய விடணும், திரும்பத் திரும்ப பொய் ரிப்போர்ட் அடிக்கறவங்களுக்கு உன் ரிப்போர்ட்ல இத்தனை தேறலைன்னு அவங்க ஸ்க்ரீன்லயே காட்டணும். பிஜிஎம்ஐல மேட்ச் முடிஞ்ச அடுத்த நொடி சிவப்பு ரிப்போர்ட் பட்டன் மேல விரல் வைக்கறவங்க கண்ணுக்கு அந்த நம்பரும் படணும்.